துணைக்கு ஓடுகிறவன்

பெங்களூரில் நடந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் மனைவியும் சேர்ந்து பதிவு செய்திருந்தோம். முதல் நாள் இரவு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் அறையிலேயே போர்த்திக்கொண்டு படுத்துவிட, அவள் மட்டும் போனாள். திரும்பி வந்து பதக்கத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். 55 நிமிடம்.

அதற்கு முந்தைய எட்டு மாதங்களாக நாங்கள் தருமபுரியில் சேர்ந்துதான் ஓடிக்கொண்டிருந்தோம். இதே பத்து கிலோமீட்டரை மிக வேகமாக ஓடி முடித்தோம் என்று நான் நம்பிய நாளில் எங்களுக்கு ஆன நேரம் 70 நிமிடம். அன்று நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டில் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. பெங்களூர் விடுதி அறையில், 101 டிகிரி காய்ச்சலில், அது நினைவுக்கு வந்தது.

கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிட வித்தியாசம். ஓரிரவில் யாருக்கும் அவ்வளவு வேகம் கூடிவிடாது. எட்டு மாதமும் அவளிடம் இருந்த வேகம்தான் அது. என் பக்கத்தில் ஓடும்போது அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

குளித்துவிட்டு வந்தவளிடம் கேட்டேன். "ஏன் சொல்லல?"

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு ஓராண்டு ஓடியிருக்கிறேன்.

*

கொரோனா காலத்தில் பெங்களூரைக் காலி செய்துவிட்டு வந்த எத்தனையோ தருமபுரிக்காரர்களில் நானும் ஒருவன். அலுவலகம் அங்கே, உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலி இங்கே. அவள் கணக்கு ஆசிரியை. பள்ளி நாட்களில் 800 மீட்டர் ஓடியவள். கல்யாணம், குழந்தை என்று பத்து வருடம் ஓடாமல் இருந்தவள், எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்" என்றாள். அப்படித்தான் தொடங்கியது.

வீட்டில் என் அம்மா முன்னால் அவள் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். தெருமுனை தாண்டி ஓட ஆரம்பித்ததும் அது 'நீ' ஆகிவிடும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பென்னாகரம் சாலையில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதை நெருங்கும்போது என் கால்கள் தாமாக வேகம் எடுக்கும். கடையைத் தாண்டியதும் பழையபடி ஆகிவிடும். பெங்களூர் போய்வந்த பிறகு, அந்த இடத்தில் நான் வேகம் எடுக்கிறேனா, அவள் குறைக்கிறாளா என்று பார்த்தேன். இரண்டும் நடந்தது. அந்த நூறு மீட்டர் மட்டும் அவள் என் தோளுக்கு ஒரு முழம் பின்னால் வந்தாள். என் மானத்தை நான் பாதியும் அவள் பாதியுமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெங்களூருக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் நான் செய்தது எந்த ஆணும் செய்யக்கூடியதுதான். அவள் வேகத்துக்கு ஓடிப் பார்த்தேன். முதல் கிலோமீட்டர் ஓடிவிடலாம். இரண்டாவதில் பேச்சு நின்றுவிடும். ஓடுகிறவர்களுக்கு இது தெரியும்: முழு வாக்கியமாகப் பேச முடிகிற வரைதான் அது உங்கள் உடம்பின் வேகம். அதைத் தாண்டினால் உடம்பு கடன் வாங்க ஆரம்பிக்கிறது. பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி பிடித்து, ஒரு வாரம் நடக்கவே நொண்டினேன். மனசு வைத்தால் முடியும் என்பதெல்லாம் இதயத் துடிப்புக்குத் தெரியாது.

*

தருமபுரியில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒருவரைத் தவிர்க்க முடியாது. பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். சேலம் சாலையில் அதியமான்கோட்டையில் அவனுக்கும் ஔவைக்கும் சிலை உண்டு. அந்த நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். மலைப் பிளவில் அரிதாகப் பழுத்த கனி. தின்றால் நெடுநாள் வாழலாம். அதைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான்.

பாடத்தில் அழுத்திச் சொல்லப்படாத ஒரு நுணுக்கம் புறநானூற்றின் 91-ஆம் பாடலிலேயே இருக்கிறது. கனியின் பயனை அவன் சொல்லவில்லை. தன் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டான். ஔவை வியப்பதும் அதைத்தான். சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?" என்பதும் அதேதான்.

சிறுவயதில் இதைக் கொடையின் உச்சம் என்று படித்தேன். வாங்கியவன் இடத்தில் நின்று பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. சொல்லாமல் கொடுப்பவர், மறுக்கும் உரிமையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறார். ஔவைக்கு நீண்ட ஆயுள் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அதன் விளைவும் புறநானூற்றிலேயே இருக்கிறது. அதியமான் போரில் இறந்த பிறகு அவனுக்குக் கையறுநிலை பாடியவளும் அதே ஔவைதான். கனியைத் தின்றவள் பிழைத்திருந்து, கொடுத்தவனுக்காக அழுதாள்.

என் மனைவி எனக்குக் கொடுத்தது ஆயுள் அல்ல, கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம். ஆனால் அதை எட்டு மாதம், வாரம் ஐந்து நாள் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தால் 'வேண்டாம், நீ போ' என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியும் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் நான் நினைத்ததைவிடச் சிக்கலானது என்று புரிந்தது.

"மெதுவா ஓடுறதும் பயிற்சிதான். வேகமா ஓடுறவங்களும் வாரத்துல பெரும்பகுதி மெதுவாதான் ஓடுவாங்க" என்றாள். உண்மைதான். பயிற்சியாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவளுடைய மெதுவான வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். என்னுடையது ஏழரை. அவள் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய மெதுவில் அல்ல, என்னுடைய மெதுவில்.

*

வேலையில் ஒரு சிக்கல் வந்தால் அதை எழுதிப் பார்ப்பது வழக்கம். எழுதிப் பார்த்தபோது அழகான ஒரு தீர்வு கிடைத்தது. தூரத்தை வைத்து ஓடாமல் நேரத்தை வைத்து ஓடுவது. இருவரும் 5 மணிக்கு ஒரே இடத்தில் புறப்படுகிறோம். அவரவர் வேகத்தில் 30 நிமிடம் ஓடுகிறோம். அதற்குள் அவள் 5 கிலோமீட்டர் போயிருப்பாள், நான் 4. கடிகாரம் அடித்ததும் இருவரும் இருக்கும் இடத்திலேயே திரும்புகிறோம். இப்போது நான் முன்னால், அவள் ஒரு கிலோமீட்டர் பின்னால். இருவரும் வேகம் மாற்றாமல் ஓடினால் 6 மணிக்குப் புறப்பட்ட இடத்தில் சரியாகச் சேர்ந்துவிடுவோம். யாரும் யாருக்காகவும் குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம்.

1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய ஓர் உரைக்கு அமர்த்திய சென் வைத்த தலைப்பே ஒரு கேள்வி: எதில் சமத்துவம்? சமம் என்று எல்லோரும் சொல்கிறோம், எதைச் சமமாக்குவது என்பதில்தான் சண்டை. தூரத்தைச் சமமாக்கினால் ஒருவர் காத்திருக்க வேண்டும். வேகத்தைச் சமமாக்கினால் ஒருவர் இழக்க வேண்டும். நேரத்தைச் சமமாக்கினால் முடிந்தது. எனக்கு அன்று பெரிய கர்வம்.

மூன்றாம் நாள், 24-ஆவது நிமிடத்திலேயே அவள் எதிரே வந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஒரு பைக் நின்னுது."

விளக்குக் கம்பங்கள் முடிகிற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒகேனக்கல் போகும் வண்டிகள் அவ்வப்போது கடக்கும் சாலைதான். இரண்டு பேர் இருந்த ஒரு பைக் அவளைத் தாண்டிப் போய், வேகம் குறைத்து, விளக்கை அணைத்துவிட்டு நின்றிருக்கிறது. அவ்வளவுதான். வேறெதுவும் நடக்கவில்லை. அவள் திரும்பிவிட்டாள்.

அன்று மீதி தூரத்தை என் வேகத்தில் சேர்ந்து ஓடினோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது சொன்னாள். "நீ பக்கத்துல இருந்தா நான் உன் பொண்டாட்டி. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டா வெறும் பொம்பள."

எட்டு மாதம் அவள் ஏன் மெதுவாக ஓடினாள் என்பதற்கு நான் இரண்டு காரணங்கள் வைத்திருந்தேன். ஒன்று, என் மேல் உள்ள அக்கறை. இன்னொன்று, என் மானம். மூன்றாவது ஒன்று இருந்தது. அந்தச் சாலையை அவள் பயன்படுத்துவதற்கு என் வேகம்தான் வாடகை.

சென் அந்த உரையில் சொல்லும் இன்னொரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒரே பொருளை இருவருக்குச் சமமாகக் கொடுத்தாலும், அதைக் கொண்டு இருவரும் செய்ய முடிவது சமமாக இருக்காது. அதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். ஐந்து மணி இருட்டில் ஒரே சாலை, ஒரே அரைமணி நேரம். எனக்கு அது 4 கிலோமீட்டர். அவளுக்கு அது ஒரு பைக் நிற்கிற வரை.

*

தமிழில் 'துணை' என்று ஒரு சொல் இருக்கிறது. வாழ்க்கைத்துணை என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம். அதே சொல்லைத்தான் 'துணைக்கு யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ' என்று பெண்பிள்ளைகளிடம் சொல்கிறோம். என் அக்கா டியூஷன் போகும்போது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினாறு. 'அக்காவுக்குத் துணைக்குப் போடா' என்பார்கள். நான் பம்பரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். வழியில் ஏதாவது நடந்தால் அவள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனாலும் துணை நான்தான்.

அன்பும் காவலும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் எது எது என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதே இல்லை. நான் அவளோடு ஓடுவது அன்பு. நான் இல்லாமல் அவளால் ஓட முடியாது என்பது அன்பு அல்ல.

இரண்டும் பிரிந்து தெரிந்த ஒரு தருணம் ஓட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. 1967 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். பெண்களுக்கு இடமில்லாத போட்டியில் கே. வி. ஸ்விட்சர் என்று பதிவு செய்துகொண்டு 261 என்ற எண்ணோடு ஓடினார் கேத்ரின் ஸ்விட்சர். போட்டி நிர்வாகி ஜாக் செம்பிள் அவருடைய எண்ணைப் பிடித்து இழுக்க, பக்கத்தில் ஓடிய காதலர் டாம் மில்லர் தோளால் இடித்து அவரைத் தள்ளிவிடும் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. மில்லர் சம்மட்டி எறிதல் வீரர், பெரிய உடம்பு.

புகைப்படத்தில் இல்லாத மீதியை ஸ்விட்சர் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் மில்லருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த அடிதடியால் தன் விளையாட்டு வாழ்க்கை போய்விடும் என்று அவரிடம் சத்தம் போட்டுவிட்டு, அவர் மெதுவாக ஓடுவதாகவும் சொல்லிவிட்டுத் தனியாக முன்னே ஓடிவிட்டார். ஸ்விட்சர் தன் பயிற்சியாளரோடு தன் வேகத்திலேயே தொடர்ந்தார். பல மைல் தள்ளி, நடந்துகொண்டிருந்த மில்லரைக் கடந்து போனார். சுமார் 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். பெண்களை பாஸ்டன் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1972-இல்தான்.

மில்லரை எனக்கு வில்லனாகப் பார்க்க முடியவில்லை. காவல் என்ற வேலையை அவர் நன்றாகவே செய்தார். செய்து முடித்ததும் அதற்கான கூலியைக் கேட்டார், அவ்வளவுதான். காவல் இருக்கும் இடத்தில் எப்படியும் ஒரு கூலி இருக்கும். நான் வாங்கிக்கொண்டிருந்தது கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம்.

இன்னொரு சம்பவம் 2024 செப்டம்பரில், பாரிஸ் பாராலிம்பிக்கின் கடைசி நாளில் நடந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் மாரத்தானில் ஓட்ட வீரரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிற்றால் இணைந்து ஓடுவார்கள். ஸ்பெயினின் எலேனா காங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் அவருடைய வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு வந்து தடுமாறினார். காங்கோஸ்ட் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். கயிற்றை விட்டதற்காக அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். நாலாவதாக வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால் இருந்தும் வெண்கலம் அவருக்குப் போனது.

விதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. துணைக்கு வந்தவர் தடுமாறினால் யார் யாருக்குத் துணை என்பது ஒரு நொடியில் மாறிவிடுகிறது என்பதுதான் என் மனதில் நின்றது. வழிகாட்டி எப்போதும் தன் வீரரைவிட வேகமானவராக இருக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் அரிச்சுவடி. பென்னாகரம் சாலையில் நாங்கள் அதைத் தலைகீழாக வைத்திருந்தோம். மெதுவாக ஓடுகிறவன் துணை. வேகமாக ஓடுகிறவள் அவன் கயிற்றில்.

*

சாலையை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனோம். 400 மீட்டர் சுற்று. அவளுக்கு ஒரு சுற்று 2 நிமிடம் 24 விநாடி, எனக்கு 3 நிமிடம். அவள் ஐந்து சுற்று முடிக்கும்போது நான் நாலு முடித்திருப்பேன். 12 நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்ட கோட்டிலேயே சேர்ந்துவிடுவோம். முதல் நாள் அவள் பின்னாலிருந்து வந்து என்னைக் கடந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "என்ன சார், வீட்ல தாண்டிட்டாங்களே!" என்று சிரித்தார். "தினமும் தாண்டுவாங்க ஐயா, வந்து எண்ணிக்குங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆகியிருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. மைதானத்தில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் சிலர் வருவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். ஒரு பெண்ணுக்கு எப்போதும் ஐந்தாறு விநாடி இடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் என் மனைவி அவளிடம், "என் பின்னாடியே வா, வாட்ச்ச பாக்காத" என்றாள். அவளுடைய சாதாரணச் சுற்றே 2:24 அல்லவா. அந்தப் பெண் பின்னாலேயே ஓடி, கோட்டைத் தாண்டி, கடிகாரத்தைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் மூன்று பேர் பின்னால் ஓடினார்கள்.

இப்போது அவர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னாகரம் சாலையில் ஓடுகிறார்கள், ஆறு மணி வெளிச்சத்தில். பைக்குகள் இன்னும் அதே சாலையில்தான் போகின்றன. சாலை மாறிவிடவில்லை. அவள் மட்டும் தனியாக, இருட்டில், நினைத்த நேரத்தில் ஓட முடியும் நாள் இன்னும் வரவில்லை. அதை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாலைக்கு நான் தேவைப்படவில்லை. அவர்கள் போனபின் நான் என் ஏழரையில் பின்னால் ஓடுகிறேன். துணைக்கு இல்லை, சும்மா.

போன சனிக்கிழமை மைதானத்தில் நான் என் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் காலடிச் சத்தம் வந்தது. வழக்கம்போலத் தாண்டிப் போவாள் என்று உள்பக்கம் இடம் விட்டேன். தாண்டவில்லை. பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"இன்னைக்கு உன் வேகத்துல ஓடுறேன்" என்றாள்.

போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மறுக்கும் வாய்ப்பு இந்த முறை எனக்கு இருந்தது. அவளுக்கும் என் பக்கத்தில் ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"சரி, வா" என்றேன். பையனுடைய கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே நாலு சுற்று ஓடினோம்.